சிங்காநல்லூரில் 26 அடிப் பள்ளம்: ஊறிக்கொண்டே இருக்கும் தண்ணீரை என்ன செய்வது?

கேள்வி இதுதான். கோவை சிங்காநல்லூரில், குளத்துக்குச் சற்றுத் தள்ளி, 30 மீட்டருக்கு 20 மீட்டர் அளவில் கட்டடம் வருகிறது. இரண்டு அடுக்கு பேஸ்மென்ட்டுக்காக 26 அடி, அதாவது 8 மீட்டர் தோண்ட வேண்டும். 15 அடியில் கசிவு தொடங்கியது. 20 அடியில் வேலை நின்றுவிட்டது. பகலில் இரண்டு மோட்டார் ஓடுகிறது, அக்கம்பக்கத்தார் சத்தம் என்று சொல்வதால் இரவில் நிறுத்துகிறார்கள். காலையில் வந்தால் இடுப்பளவு தண்ணீர். பக்கத்து வீட்டுக் காம்பவுண்ட் சுவரில் மெல்லிய விரிசல் தெரிகிறது. இன்னும் இரண்டு பெரிய மோட்டார் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் கான்ட்ராக்டர். போடலாமா?

இப்போதைக்கு வேண்டாம். அதற்கு முன்னால் இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். பள்ளத்தில் வண்டி ஓடாத நேரமாகப் பார்த்து, மோட்டார் ஒரு மணி நேரம் ஓடிய பிறகு, ஹோஸ் வாயில் ஒரு கண்ணாடி பாட்டிலைப் பிடித்து நிரப்புங்கள். அரை மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். அடியில் மணலோ வண்டலோ படிந்தால், தண்ணீரோடு சேர்த்துப் பக்கத்து வீட்டுக்குக் கீழே இருக்கும் மண்ணையும் இறைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். அந்த நிலையில் பெரிய மோட்டார் போட்டால் ஓட்டம் வேகமெடுத்து இன்னும் மண்ணை இழுக்கும். மோட்டார் போட்டதும் சில நிமிடம் கலங்கலாக வருவது சகஜம், அதற்குப் பயப்பட வேண்டாம். ஒரு மணி நேரம் கழித்தும் கலங்கல் நிற்கவில்லை என்றால் பயப்பட வேண்டும்.

அப்புறம் கணக்கு. உங்கள் பள்ளமே ஒரு அளவுத் தொட்டி. 600 சதுர மீட்டர் பரப்பு, இடுப்பளவு என்றால் ஏறக்குறைய 0.9 மீட்டர்: 540 கன மீட்டர், அதாவது 5,40,000 லிட்டர். இது இரவு 10 மணி நேரத்தில் ஊறியது என்றால் மணிக்கு 54,000 லிட்டர், நொடிக்கு 15 லிட்டர். பள்ளத்துத் தண்ணீரை 12 மீட்டர் ஏற்ற ஒரு 5 எச்.பி. டீவாட்டரிங் பம்ப், பாதித் திறனில் ஓடினாலே நொடிக்குச் சுமார் 15 லிட்டர் தள்ளும். அதாவது, சரியான பம்ப் ஒன்று இரவும் பகலும் நிற்காமல் ஓடியிருந்தால் காலையில் இடுப்பளவுத் தண்ணீர் இருந்திருக்காது. பள்ளத்தில் மட்டம் ஏற ஏற ஊறும் வேகம் குறையும் என்பதால், காலியாக இருக்கும்போது வருவது இந்தக் கணக்கைவிட அதிகம். இன்னும் 6 அடி இறங்கும்போது மேலும் கூடும். ஆகவே இரண்டு பம்ப் ஓட்டத்தில், ஒன்று தயாராக, ஒரு ஜெனரேட்டர். இவ்வளவு போதும்.

ஏற்கனவே ஓடும் உங்கள் இரண்டு மோட்டாரும் எந்த வகை என்று பாருங்கள். பம்புக்குப் பேர்போன கோவையிலேயே நான் அடிக்கடி காண்பது, போர்வெல்லில் கிடந்த 7.5 எச்.பி. சப்மெர்சிபிளைக் கழற்றிப் பள்ளத்தில் படுக்க வைப்பது. அது பல நூறு அடி உயரத்துக்குக் கொஞ்சமாகத் தண்ணீர் ஏற்றுவதற்கென்று செய்தது. 30 அடி உயரத்தில் அதை ஓட்டினால் வடிவமைத்த நிலையை விட்டு விலகி ஓடும். மணல் பட்டு இம்பெல்லர் தேயும். பக்கவாட்டில் தண்ணீர் ஓடாமல் மோட்டார் சூடாகிக் கருகும். கலங்கல் நீருக்கென்று வரும் மட் பம்ப், டீவாட்டரிங் பம்ப் வகைதான் இங்கே வேண்டும். தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் மின்பம்புக்குச் சத்தமும் குறைவு. இரவில் அக்கம்பக்கத்தாரின் தூக்கம் கெடாது. டீசல் இன்ஜினைப் பள்ளத்துக்குள் இறக்கவே கூடாது. அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு காற்றோட்டம் குறைந்த பள்ளத்தில் தேங்கி ஆளைச் சாய்த்துவிடும். ஆட்கள் ஈரத்தில் நின்று வேலை செய்வதால் ஒவ்வொரு பம்புக்கும் தனித்தனியே ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே கரண்ட்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) போடுங்கள். இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

இரவில் நிறுத்திப் பகலில் ஓட்டுவதால் நேர விரயம் மட்டும் இல்லை, சேதமும் உண்டு. தினமும் ராத்திரி தண்ணீர் ஏறிப் பக்கச்சுவர் மண்ணை நனைக்கிறது. காலையில் பள்ளத்து மட்டம் சடாரென இறங்கும்போது மண்ணுக்குள் நிற்கும் தண்ணீர் அதே வேகத்தில் வடிய முடியாமல் பள்ளத்தை நோக்கித் தள்ளுகிறது. மண் உதிர்வதும் சரிவதும் அந்த நேரத்தில்தான். காம்பவுண்ட் சுவர் விரிசலுக்கு என் முதல் சந்தேகம் இதன் மேல்தான்.

தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்பதைப் பார்த்த பிறகுதான் முறையை முடிவு செய்ய வேண்டும். கொங்கு நாட்டின் பெரும்பகுதிக்கு அடியில் இருப்பது நைஸ், சார்னோகைட் போன்ற மிகப் பழைய கடும்பாறை. கெட்டிப் பாறைக்குள் தண்ணீர் தங்க இடம் கிடையாது. மேலே சிதைந்து உதிரும் அடுக்கிலும் கீழே ஓடும் வெடிப்புகளிலும்தான் அது இருக்கும். செம்மண் அல்லது கரிசல், சில இடங்களில் அதற்கடியில் சுக்கான் (சுண்ணாம்புக் கல்), பிறகு சரளையாக உதிரும் பாறை, அப்புறம் கெட்டிப் பாறை என்று இறங்கும் வரிசையில், உதிர்பாறை முடிந்து கெட்டிப் பாறை தொடங்கும் கோட்டில்தான் பெரும்பாலும் கசிவு வழியும். கிணறு வெட்டும் ஆட்களைக் கேட்டால் இரண்டையும் பிரித்துச் சொல்வார்கள்: "மேல மண்ணுல சொட்டறது மழைத்தண்ணிங்க, பாறை வெடிப்புல பீச்சறதுதானுங்க ஊத்து." முதல் வகை சில நாள் இறைத்தால் இளைத்துவிடும். இரண்டாவது வகை, அந்த வெடிப்பு எங்கே போய்ச் சேர்கிறது என்பதைப் பொறுத்தது. குளத்தோடு தொடர்பு இருந்தால் லேசில் இளைக்காது.

நொடிக்கு எத்தனை லிட்டர் வரும் என்பதை மண்ணைப் பார்த்த மாத்திரத்தில் யாரும் சொல்ல முடியாது. பிரான்சின் டிஜான் நகரைச் சேர்ந்த பொறியாளர் ஹென்றி டார்சி 1856 இல் வெளியிட்ட விதிப்படி, ஊறும் அளவு மூன்றைப் பொறுத்தது: நீர்மட்டச் சரிவு, தண்ணீர் கடக்கும் பரப்பு, மண்ணின் ஊடுருவவிடும் தன்மை. முதல் இரண்டையும் அளந்துவிடலாம். மூன்றாவதோ, கரடுமுரடான மணலுக்கும் களிக்கும் இடையே பத்து லட்சம் மடங்கு வரை மாறும். பாறையில் இன்னும் சிக்கல்: பத்தடிக்கு அப்பால் வேறொரு எண் வரும். அதனால் சாயில் டெஸ்ட் போடும்போதே துளைக்குள் பாக்கர் (துளையை இறுக்கி அடைக்கும் அடைப்பான்) வைத்து, அழுத்தத்தில் தண்ணீர் செலுத்தி, பாறை எவ்வளவு குடிக்கிறது என்று அளக்கச் சொல்ல வேண்டும். துளையின் ஒரு மீட்டர் நீளத்துக்கு நிமிடத்துக்கு ஒரு லிட்டர், 10 பார் அழுத்தத்தில் குடித்தால் அதை ஒரு லூஜியான் என்பார்கள். இந்தியத் தரநிலையான ஐஎஸ் 5529 இன் இரண்டாம் பகுதி இந்தச் சோதனைக்கானது. கட்டுமானத்தில் நீர் இறைப்பதற்கே ஐஎஸ் 9759 என்று தனி வழிகாட்டி உண்டு. உங்கள் என்ஜினீயரிடம் இரண்டையும் கேளுங்கள்.

நம் பக்கத்தில் இலவசமாகக் கிடைக்கும் இன்னொரு சோதனை இருக்கிறது, அதை யாரும் பயன்படுத்துவதில்லை என்பது எனக்கு வருத்தம். சுற்றுவட்டாரத்தில் மூடாமல் விட்ட பழைய கிணறு ஏதாவது இருக்கும். அந்தக் கிணற்றுக்காரரிடம் போய் உட்கார்ந்து கேளுங்கள்: ஐப்பசியில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கும், சித்திரையில் எத்தனை அடிக்குப் போகும், மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடினால் வற்றும், மறுபடி ஊற எவ்வளவு நேரம் ஆகும், ஊற்று எந்த மூலையில், எந்தத் திசையிலிருந்து வருகிறது? கிணற்றின் அளவு தெரிந்தால் இந்தப் பதில்களிலிருந்து ஊறும் வேகத்தை ஒரு தாளில் போட்டுவிடலாம். ஐந்து துளை போட்ட சாயில் ரிப்போர்ட்டில் இல்லாத, பல ஆண்டுக் காலத் தகவல் அது.

காலத்தையும் கவனியுங்கள். கோவை நகருக்கு அதிக மழை அக்டோபர், நவம்பரில். ஆனால் நொய்யல் பிறப்பது வெள்ளியங்கிரி மலைப்பக்கம். ஜூன், ஜூலையில் மலையில் தென்மேற்குப் பருவமழை வலுத்தால் நகரில் சொட்டு மழை இல்லாமலே ஆற்றில் தண்ணீர் வந்து குளங்கள் நிரம்பும். குளத்தோரப் பள்ளத்தில் ஊற்றும் கூடும். ஆகவே சிங்காநல்லூர், உக்கடம், குறிச்சி போன்ற குளத்தோர மனைகளில் தை, மாசியில் தோண்டத் தொடங்கி மே மாதத்துக்குள் ராஃப்ட் (கட்டடத்தின் அடிப்பரப்பு முழுவதும் விரியும் அஸ்திவாரத் தளம்) கான்கிரீட்டை முடிப்பதுதான் நிம்மதி. ஈரோட்டுப் பக்கம் வானத்தோடு வாய்க்காலையும் பார்க்க வேண்டும். கீழ்பவானி வாய்க்காலில், வழக்கமாக ஆகஸ்ட் மத்தியில், தண்ணீர் விட்டால் சுற்றியுள்ள கிணறுகளில் மட்டம் ஏறும். அந்த வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடும் திட்டத்தை விவசாயிகள் பலர் எதிர்த்ததே இந்தக் கசிவுநீர் நின்றுவிடும் என்பதால்தானே? காலிங்கராயன் வாய்க்கால் ஓரத்திலும் அப்படித்தான். அங்கே பேஸ்மென்ட் போடுபவர்கள் தண்ணீர் திறக்கும் தேதியைப் பார்த்துத்தான் வேலைத் திட்டத்தை எழுத வேண்டும்.

இனி முறைகள். கொடுமுடி, கரூர் பக்கம் காவிரியோர மணலில் வெல்பாயின்ட் நன்றாக வேலை செய்யும்: பள்ளத்தைச் சுற்றி வரிசையாக மெல்லிய குழாய்களை இறக்கி, ஒரே வெற்றிடப் பம்பில் இணைத்து உறிஞ்சுவது. உறிஞ்சும் பம்ப் என்பதால் ஓர் அடுக்குக்கு ஐந்து, ஆறு மீட்டருக்கு மேல் மட்டம் இறங்காது. ஆழம் கூடினால் இரண்டாம் அடுக்கு, அல்லது சப்மெர்சிபிள் இறக்கிய ஆழ்குழாய்கள். உங்கள் மண்ணுக்கு இதெல்லாம் பொருந்தாது. பாறையில் வெல்பாயின்ட் இறங்காது. சுற்றிலும் போர் போட்டு வற்றவைக்கலாம் என்று திருச்செங்கோட்டு வண்டியைக் கூப்பிட்டாலும், போர் அந்த வெடிப்பைத் தொட்டால்தான் பலன். தொடாவிட்டால் பத்தடி தூரத்தில் ஊற்று பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

உங்களுக்கு ஏற்றது, தண்ணீரை அடித்தளத்துக்கு வரவிடாமல் வழியிலேயே பிடிப்பது. கெட்டிப் பாறை தொடங்கும் கோட்டில், பக்கச்சுவரை ஒட்டிச் சுற்றிலும் ஒரு சிறு வாய்க்கால் வெட்டுங்கள். அதில் ஜியோடெக்ஸ்டைல் துணி விரித்து, துளையிட்ட குழாய் வைத்து, 20 மி.மீ. ஜல்லி நிரப்பி, துணியை மேலே மடித்து மூடுங்கள். துணி மண்ணைத் தடுத்துத் தண்ணீரை விடும். வாய்க்கால் மூலையில் இருக்கும் சம்ப்புக்கு, அதாவது தண்ணீர் சேர்ந்து இறைக்கும் குழிக்கு, போகட்டும். சம்ப், ஃபூட்டிங்கோ (தூணின் அடித்தளம்) ராஃப்ட்டோ வரும் இடத்துக்கு வெளியே, பள்ளத்தின் இறுதி மட்டத்துக்கு ஒரு மீட்டர் கீழே இருக்க வேண்டும். துளையிட்ட டிரம்மை இறக்கி, சுற்றிலும் துணியும் ஜல்லியும் கட்டி, பம்பை அதற்குள் வையுங்கள். வெறும் குழி தோண்டி அதில் மோட்டாரைப் போடுவதுதான் மண் திருடும் வழி. இறைத்த நீரைப் பள்ளத்தின் ஓரத்திலேயே கொட்டவும் கூடாது. அதே தண்ணீர் திரும்பி வரும், அதற்கும் சேர்த்துக் கரண்ட் பில் கட்டுவீர்கள்.

ஊற்று ஒரே இடத்தில் பீச்சினால் சிமென்ட் மூட்டையை வைத்து அடைக்கப் பார்க்காதீர்கள். அழுத்தம் எங்கும் போய்விடாது, பலவீனமான வேறு இடத்தைத் தேடும். ஊற்றுக்கண்ணில் வால்வு வைத்த ஒரு குழாயைச் சொருகி, தண்ணீர் அதன் வழியே தாராளமாக ஓடட்டும். குழாயைச் சுற்றிக் கான்கிரீட் போட்டு இறுகிய பிறகு வால்வை மூடி, கடைசியில் அழுத்தத்தில் கிரவுட் (சிமென்ட் கூழ்) செலுத்தி அடையுங்கள். பக்கச்சுவரில் பைல் (மண்ணுக்குள் இறக்கிய கான்கிரீட் தூண்) வரிசை இருந்தால் இரண்டு பைலுக்கு நடுவே உள்ள இடுக்கைக் கவனியுங்கள். அந்த இடைவெளி வழியாக வரும் மண்ணை ஷாட்கிரீட் (காற்றழுத்தத்தில் பீச்சியடிக்கும் கான்கிரீட்) போட்டு நிறுத்தி, தண்ணீர் வெளியேறத் துளைக்குழாய் விட வேண்டும். துளை விடாத ஷாட்கிரீட்டின் பின்னால் தண்ணீர் சேர்ந்து தோலை உரித்துத் தள்ளும். பாறை வெட்டிலும் இதே கதை. வெடிப்பு பள்ளத்தை நோக்கிச் சாய்ந்திருந்து, அதற்குள் தண்ணீர் நின்றால் பாறைத் துண்டு வழுக்கி விழும். சாய்வான வடிகால் துளைகளும், தேவைப்பட்ட இடத்தில் ஆங்கரும் (பாறைக்குள் இறக்கிப் பிணைக்கும் கம்பி) போடுவதுதான் வழி.

அடியிலிருந்து மணல் கொதிப்பதுபோல் பொங்கி வந்தாலோ, ஒரு பக்கத்தில் திடீரென்று மண் ஒழுக ஆரம்பித்தாலோ ஆட்களை உடனே மேலே ஏற்றிவிட்டு, பம்பை நிறுத்திப் பள்ளத்தில் தண்ணீர் ஏறவிடுங்கள். கேட்க விநோதமாக இருக்கும். உள்ளே நிற்கும் தண்ணீர் வெளியிலிருந்து வரும் அழுத்தத்துக்கு எதிர்ச்சுமையாகி ஓட்டத்தை நிறுத்திவிடும். மணல் மூட்டையும் ஜல்லியும் கொண்டு அந்த இடத்தைப் பலப்படுத்திய பிறகு மெதுவாக இறைக்கலாம்.

பக்கத்து வீட்டு விஷயம். நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால் அதற்குக் கீழிருக்கும் மண் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டன் கூடுதல் சுமையைச் சுமக்கிறது. கெட்டியான உதிர்பாறை இதைத் தாங்கிக்கொள்ளும், அசைவு மிகக் குறைவு. குளத்தோரத்தில் களியும் வண்டலும் கொட்டி மேடாக்கிய இடமென்றால் அமுங்கும். ஆகவே அவர்கள் வீட்டு அஸ்திவாரம் எதன் மேல் நிற்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த வீட்டாரையும் கூட வைத்துக்கொண்டு ஒவ்வொரு விரிசலையும் படமெடுங்கள், முனையில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள், விரிசலுக்குக் குறுக்கே ஜிப்சம் பூச்சு ஒன்று வையுங்கள். விரிசல் நகர்ந்தால் பூச்சு வெடித்துக் காட்டிவிடும். பள்ளத்துக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு கண்காணிப்புத் துளை போட்டு நீர்மட்டத்தைத் தினமும் எழுதி வையுங்கள். தெளிந்த நீரின் ஒரு பகுதியை அந்த வீட்டுக்கு அப்பால் உள்ள மழைநீர் சேகரிப்புக் குழிகளில், அவர்கள் சம்மதத்தோடு, விடுவது மட்டம் ரொம்ப இறங்காமல் தடுக்கும். அவர்கள் கிணறும் போரும் வற்றாது. இதை நல்ல மனசுக்காக மட்டும் சொல்லவில்லை. அடுத்தவர் குடிதண்ணீரை வற்றவைத்து நாம் வாகனம் நிறுத்த இடம் செய்வது நியாயமில்லை என்று உறுதியாக நினைக்கிறேன்.

திருப்பூர், நொய்யல் கீழ்ப்பகுதிகளில் இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சாயக்கழிவு இறங்கிய நிலத்தடி நீர் அங்கே பல இடங்களில் உப்பு மிகுந்தது. இறைத்த தண்ணீரைச் சோதிக்காமல் வயலிலும் விடாதீர்கள், கான்கிரீட்டிலும் கலக்காதீர்கள். ஐஎஸ் 456 படி, கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மி.கி., சல்ஃபேட் 400 மி.கி. தாண்டக் கூடாது, பிஎச் 6க்குக் குறையக் கூடாது. பேஸ்மென்ட் சுவரை வெளியிலிருந்து தொட்டு நிற்கப்போவதும் அந்தத் தண்ணீர்தான் என்பதால் சிமென்ட் வகையையும் அதைப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

இனி, பலரும் கோட்டைவிடும் இடம்: எப்போது இறைப்பதை நிறுத்துவது? ராஃப்ட் போட்டாயிற்று, வாட்டர்ப்ரூஃபிங்கும் முடிந்தது, இனி எதற்கு வாடகைப் பம்ப் என்று தோன்றும். காலி அண்டாவைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கினால் மேலே தள்ளுமே, அதேதான் பேஸ்மென்ட்டுக்கும் நடக்கும். உங்கள் கணக்கையே போடுவோம். தரையிலிருந்து ராஃப்ட்டின் அடிமட்டம் 8 மீட்டர் ஆழம், இறைக்காவிட்டால் தண்ணீர் நிற்கும் மட்டம் 4.5 மீட்டர் ஆழம். 3.5 மீட்டர் தண்ணீர் சதுர மீட்டருக்கு 3.5 டன் வீதம் மேலே தள்ளும். 600 சதுர மீட்டருக்கு 2,100 டன். 60 செ.மீ. ராஃப்ட்டின் எடை சதுர மீட்டருக்கு 1.5 டன்தான். மேலே ஒவ்வொரு தளமும், தூண், பீம், சுவரோடு சேர்த்து, ஏறக்குறைய 0.8 டன் என்று வைத்தால், பத்து சதவீதப் பாதுகாப்போடு தேவைப்படும் 3.85 டன் சேர மூன்று தளம் போட்டிருக்க வேண்டும். ஐப்பசி மழையில் மட்டம் தரைக்கு 2 மீட்டர் கீழே வரை ஏறினால் தள்ளுவது சதுர மீட்டருக்கு 6 டன். அப்போது மூன்று தளம் போதாது, ஏழு வேண்டும். உங்கள் கட்டடம் அவ்வளவு உயரம் இல்லையென்றால் நிரந்தரத் தீர்வு இப்போதே வரைபடத்தில் வர வேண்டும். நம் ஊரில் கெட்டிப் பாறை கைக்கெட்டும் ஆழத்தில் இருப்பதால் ராஃப்ட்டைப் பாறையோடு ஆங்கர் போட்டுப் பிணைப்பது எளிது. ராஃப்ட்டுக்கு அடியில் ஜல்லி வடிகால் அடுக்கு வைத்து நிரந்தர சம்ப்பில் இறைப்பதும் உண்டு, ஆனால் அந்தப் பம்ப் கட்டடம் இருக்கும் வரை ஓட வேண்டும். நான் ஆங்கரைத்தான் சொல்வேன். வேலை பாதியில் நின்று, கரண்டும் போய், மழையும் பிடித்துக்கொண்டால் பேஸ்மென்ட்டுக்குள் நீங்களே தண்ணீர் நிரப்பிவிடுங்கள். வடித்துக் காயவைக்கும் செலவு, தூக்கிய ராஃப்ட்டைச் சரிசெய்யும் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

கான்கிரீட் போடும் நாளில் அடிமட்டத்தில் ஓடும் தண்ணீர் இருக்கக் கூடாது. மண்ணென்றால் அரை மீட்டர் கீழேயாவது மட்டம் இறங்கியிருக்க வேண்டும். பாறையில் கசிவை ஜல்லி வாய்க்காலுக்குத் திருப்பி, மேலே பாலிதீன் விரித்துப் பிசிசி (கம்பியில்லாத அடிக் கான்கிரீட்) போடுங்கள். ஓடும் நீரில் போட்டால் சிமென்ட் கழுவிக்கொண்டு போய் வெறும் ஜல்லி மிஞ்சும்.

வெளிப்புறச் சம்ப்பில் இறைத்தே வேலை முடிந்தால் நல்லது. இடம் போதாமல் ராஃப்ட்டுக்குள்ளேயே சம்ப் குழாய் விட நேர்ந்தால், குழாயைச் சுற்றி நடுமட்டத்தில் ஒரு இரும்பு வளையத் தகட்டைப் பற்றவைத்துக் கான்கிரீட்டில் பதித்துவிடுங்கள். குழாயை ஒட்டி ஏறும் தண்ணீரை அந்தத் தகடு தடுக்கும். எடைக் கணக்கு சரியான பிறகு, கண்காணிப்புத் துளையில் மட்டத்தை மெதுவாக ஏறவிட்டு ஒரு வாரம் பாருங்கள். எங்கும் அசைவில்லை, கசிவில்லை என்று தெரிந்த பின் பம்பை எடுத்து, குழாயைச் சுருங்காத கிரவுட்டால் நிரப்பி, மேலே தகடு வைத்துப் பற்றவைத்து மூடுங்கள்.